அசையாமல் கிடந்தால் ஒன்றுமில்லை

விளாத்திகுளம் பக்கம் கரிசல் மண் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். ஒரு மழை பெய்துவிட்டால் அதே மண் உப்பி, நடப்பவரின் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். மாண்ட்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமத்தின் வேலை இது. தண்ணீரைக் குடித்தால் பருக்கும், காய்ந்தால் சுருங்கும். மண் இப்படி ஏறி இறங்கும்போது மேலே கட்டிய வீடு மட்டும் சும்மா இருக்குமா? வாசற்படி ஒருபக்கம் சாயும். சிமெண்டுத் தளம் விரிசல் விட்டு விரற்கடை உயரத்துக்கு மேடு தட்டும். பகலில் அந்த மேட்டைக் கால் தானாகத் தாண்டிவிடும். பின்னிரவில் ஒன்றுக்குப் போக எழுந்திருக்கும் எழுபத்தெட்டு வயது அவ்வாவின் கால் ஒருநாள் தாண்டாமல் போகும்.

இந்த அவ்வாவுக்கு நான் பெயர் வைக்கவில்லை. இந்தப் பக்கம் எந்த ஊரில் விசாரித்தாலும் இப்படி ஒருவர் கிடைப்பார். மிளகாய் பறித்தும் பருத்தி எடுத்தும் குனிந்தே பழகிய முதுகு, நாற்பது கிலோவுக்கு மேல் போகாத உடம்பு. விழுந்த இடத்திலிருந்து மகனும் மருமகளும் தூக்கிக் கயிற்றுக் கட்டிலில் போடுகிறார்கள். தூக்கும்போது தெருவே எழுந்துவிடுகிற மாதிரி ஓர் அலறல். கட்டிலில் கிடத்தி, கால் ஓரிடத்தில் நிலைகொண்டதும் சத்தம் அடங்கிவிடுகிறது.

"இப்ப எப்படி அத்தை இருக்கு?"

"அசையாமக் கெடந்தா ஒன்னுமில்ல தாயி."

இந்த ஒரு பதிலால் வைத்தியம் விடியும்வரை தள்ளிப்போகும். சில வீடுகளில் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போகும். அவ்வா பொய் சொல்லவில்லை. அவர் சொன்னது அப்பட்டமான உண்மை. இடுப்பு மூட்டு முறிவின் வலியைப் பற்றி மருத்துவம் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டதெல்லாம் அந்த வாக்கியத்துக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் எது ஒடிந்தது என்று பார்த்துவிடலாம். "இடுப்பு ஒடிஞ்சுபோச்சு" என்று ஊரில் சொல்வது பெரும்பாலும் இடுப்பு எலும்பை அல்ல. தொடை எலும்பின் மேல்நுனியில் ஒரு பந்து இருக்கிறது. அது இடுப்புக் கிண்ணத்துக்குள் சுழல்கிறது. பந்தையும் தண்டையும் சேர்க்கும் கழுத்துப் பகுதி சற்றே சாய்வானது. வயதாக ஆக எலும்பு உள்ளுக்குள் பஞ்சுபோல் மெலியும்போது இந்தக் கழுத்திலோ அதற்குச் சற்றுக் கீழோ முறிகிறது. முறிந்ததும் சுற்றியுள்ள வலுவான தசைகள் தொடையை மேலே இழுத்துக்கொள்கின்றன. அதனால்தான் படுத்திருப்பவரின் அந்தக் கால் மற்றதைவிடக் குட்டையாகத் தெரியும், பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடக்கும். பெரும்பாலும் எக்ஸ்ரே எடுப்பதற்கு முன்பே கண்ணால் பார்த்துச் சொல்லிவிடலாம். ஹரியானாவின் ரோத்தக் மாவட்டத்தில் 2009ஆம் ஆண்டு முறிவுகளை எண்ணிப் பார்த்தார்கள். ஐம்பது வயது தாண்டியவர்களில் லட்சத்துக்கு 129 பேருக்கு அந்த ஓராண்டில் இது நேர்ந்திருந்தது. பெண்கள் அதிகம்.

எலும்பு கல்லைப்போலத் தோன்றினாலும் அதற்கு மேல் ஒரு மெல்லிய உறை உண்டு. வலியை உணரும் நரம்பிழைகள் எலும்பில் மிக நெருக்கமாக இருப்பது இந்த உறையில்தான். மூட்டைச் சுற்றிய பையின் முன்பக்கத்திலும் அவை அடர்த்தி. முறிந்த இரு முனைகளும் உரசும்போது, உறை இழுபடும்போது, இந்த நரம்பிழைகள் தெறிக்கின்றன. அந்தத் தெறிப்பைக் கேட்டுத் தசைகள் இறுகுகின்றன. தசை இறுகினால் முனைகள் இன்னும் உரசும். இந்தச் சக்கரம் காலை ஆடாமல் வைத்தால் நிற்கும், ஒரு விரற்கடை அசைத்தால் மறுபடி சுற்ற ஆரம்பிக்கும்.

இன்னொரு ஏமாற்றும் உண்டு. சில பேர் இடுப்பைக் காட்டவே மாட்டார்கள். "முட்டிதான் வலிக்கு" என்பார்கள். லண்டனில் ஜான் ஹில்டன் என்ற அறுவை மருத்துவர் 1860களின் தொடக்கத்தில் ஓய்வையும் வலியையும் பற்றித் தொடர் சொற்பொழிவுகள் ஆற்றினார். ஒரு மூட்டை அசைக்கும் தசைகளுக்குப் போகும் நரம்புதான் அந்த மூட்டுக்குள்ளும் கிளைவிடுகிறது என்பது அவர் சொன்ன விதி. தொடை நரம்பும், தொடையின் உள்பக்கம் இறங்கும் இன்னொரு நரம்பும் இடுப்பு மூட்டுக்கும் கிளை கொடுக்கின்றன, முழங்காலுக்கும் கொடுக்கின்றன. மூளைக்குச் சேதி போகும் கம்பி ஒன்றாக இருக்கும்போது எந்த வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள் என்று மூளை குழம்பிப்போகும். முழங்காலை மட்டும் எக்ஸ்ரே எடுத்து, "ஒன்றுமில்லை, தேய்மானம்" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உண்டு. விழுந்த வயதானவர் முழங்கால் வலி என்றால் இடுப்பையும் படம் பிடிக்க வேண்டும் என்பது எலும்பு மருத்துவத்தில் பாலபாடம்.

ஹில்டன் ஓய்வையே பெரிய மருந்தாக நினைத்தவர். பல நோய்களுக்கு அது சரி. இந்த முறிவுக்கு மட்டும் அது கண்ணி.

கட்டிலில் அசையாமல் கிடக்கும் அவ்வாவைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். தலைமாட்டில் செம்பில் தண்ணீர் இருக்கிறது. மருமகள் கொடுத்தால் உதட்டை நனைத்துக்கொண்டு போதும் என்கிறார். தாகம் இல்லாமல் இல்லை. தண்ணீர் குடித்தால் ஒன்றுக்கு வரும். வந்தால் இடுப்பைத் தூக்கி அடியில் பாத்திரம் வைக்க வேண்டும். அந்தத் தூக்கல்தான் உயிரை எடுக்கும். ஆகவே குடிப்பதில்லை. சாப்பாடும் அதே கணக்கில் குறைகிறது. இருமல் வந்தாலும் அடக்கிக்கொள்கிறார், இருமினால் வயிறு குலுங்கும், கால் குலுங்கும். இரண்டாம் நாள் வாய் உலர்ந்து, சிறுநீர் குறைந்து, நுரையீரலின் அடிப்பக்கம் சளி கட்டி, பிட்டத்தில் தோல் சிவந்திருக்கும். வலி இல்லாமல் இருப்பதற்கு அவ்வா கொடுக்கும் விலை இவ்வளவு. உலகெங்கும் இந்த முறிவு கண்ட முதியவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் மேல் ஓராண்டுக்குள் இறந்துபோகிறார்கள். முறிந்த எலும்பு நேராகக் கொல்வது அபூர்வம். கூட வரும் இந்தப் படுக்கைதான் கொல்கிறது.

இந்த நேரத்தில் யாராவது புத்தூர்க் கட்டைப் பற்றிப் பேச்செடுப்பார்கள். ஆந்திரத்துப் புத்தூருக்கு எலும்பு முறிவோடு போய்வந்தவர்கள் நம் பக்கத்தில் ஏராளம். மணிக்கட்டில் விரிசல் என்றால் மூங்கில் சிம்பு வைத்துக் கட்டுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. முறிவுக்கு மேலே உள்ள மூட்டையும் கீழே உள்ள மூட்டையும் சேர்த்துப் பிடித்தால்தான் கட்டு கட்டாகும். இடுப்பு மூட்டுக்கு மேலே எதைப் பிடிப்பது? அங்கே வயிறும் முதுகும்தான் இருக்கின்றன. எவ்வளவு இறுக்கினாலும் ஆழத்திலுள்ள அந்தக் கழுத்து ஆடிக்கொண்டேதான் இருக்கும்.

ஆகவே கிளம்ப வேண்டும். கோவில்பட்டி மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ தூத்துக்குடி மருத்துவக் கல்லூரிக்கோ, எந்தப் பக்கம் போனாலும் முப்பது கிலோமீட்டருக்குக் குறையாது. 2008இல் தமிழ்நாட்டுக்கு 108 ஆம்புலன்ஸ் வந்த பிறகு வண்டிக்கு அலைய வேண்டியதில்லை. ஆனால் கட்டிலிலிருந்து வண்டிக்கு மாற்றுவது என்ற ஒரு கண்டம் இருக்கிறது. அக்குளிலும் முழங்காலுக்கு அடியிலும் கைகொடுத்து இரண்டு பேர் தூக்கினால் உடம்பு நடுவில் தொய்யும், முறிவு வாயைப் பிளக்கும். ஜமுக்காளத்தோடு நான்கு பேர் நான்கு மூலையிலும் இருவர் இடுப்பு மட்டத்திலும் பிடித்து ஒரே நேரத்தில் தூக்கினால் பாதி அலறல் மிச்சம். கால்களுக்கு நடுவே தலையணை வைத்து, நல்ல காலோடு ஒடிந்த காலைத் துண்டால் தளரச் சேர்த்துக் கட்டிவிட்டால் சாலைக் குலுக்கலும் கொஞ்சம் தணியும். ஒடிந்த காலை நேராக்கிப் பார்க்கும் ஆசையை மட்டும் விட்டுவிட வேண்டும்.

இங்கே ஒரு சின்ன மனத்தாங்கல். சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கும் திட்டத்தை 2021 டிசம்பரில் மாநில அரசு தொடங்கியது. நல்ல திட்டம். நடுவீட்டில் மேடு தட்டி விழுந்த அவ்வா அதற்குள் வரமாட்டார். அவருடைய முதல் 48 மணி நேரமும் அதே அளவு அவசரமானதுதான்.

மருத்துவமனையில் முதல் கேள்வி: "பாட்டி, வலி எவ்வளவு? பூஜ்யத்திலிருந்து பத்துக்குள்ள சொல்லுங்க." பள்ளிக்கூடம் போகாதவரிடம் வலிக்கு மதிப்பெண் கேட்டால் என்ன சொல்வார்? "கடவுள் புண்ணியத்துல ஒன்னுமில்ல சாமி." தாளில் இரண்டு என்று ஏறும். இத்தனைக்கும் வலியைச் சொல்வதில் நம் பேச்சுமொழி மாதிரி வளமானது குறைவு. குத்துது, குடையுது, கடுக்குது, உளையுது, எரியுது, விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது, சுண்டி இழுக்குது. இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு வலி. உளைச்சல் என்றால் ஆழத்தில் மந்தமாக இருப்பது, சுண்டி இழுப்பது என்றால் தசை இறுகுவது. எண்ணுக்குப் பதில் இந்தச் சொற்களில் எது என்று கேட்டால் அவ்வா பத்து நிமிடம் பேசுவார்.

அதைவிட முக்கியம், எப்போது கேட்பது என்பது. இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2011இல் இடுப்பு முறிவுக்கான வழிகாட்டியை வெளியிட்டது. வந்தவுடன் வலியைப் பார், மருந்து கொடுத்து அரை மணிக்குள் மறுபடி பார், நிலைகொள்ளும்வரை மணிக்கு ஒருமுறை பார் என்று அது சொல்கிறது. மருந்து போதுமா என்பதற்கு அது வைத்திருக்கும் சோதனைதான் எனக்குப் பிடித்தது. காலை மெதுவாக வெளிப்பக்கம் திருப்பினால் நோயாளி தாங்குகிறாரா? தாங்கினால் போதும். அதாவது, அசையாமல் கிடக்கும்போது கிடைக்கும் பதிலை ஒரு பதிலாகவே அந்த வழிகாட்டி எடுத்துக்கொள்ளவில்லை. மறதிநோய் முற்றிப் பேச்சே இல்லாதவர்களுக்கு மூச்சு, முனகல், முகச்சுளிப்பு, உடம்பின் இறுக்கம், தேற்றினால் தேறுகிறாரா என்ற ஐந்தையும் பார்த்து மதிப்பிடும் முறை 2003இல் வந்தது. அதையும் புரட்டிப் படுக்க வைக்கும்போது பார்த்தால்தான் பலன்.

சரி, என்ன கொடுப்பது? ஊரில் வலி என்றால் ஊசி. பெரும்பாலும் டைக்ளோஃபெனாக் வகை. இளைஞனுக்குக் கால் சுளுக்கினால் அது அருமையான மருந்து. இரண்டு நாள் தண்ணீர் குடிக்காமல் காய்ந்துபோன எழுபத்தெட்டு வயதுச் சிறுநீரகத்துக்கு அது அடி. வயிற்றில் ரத்தக் கசிவும் வரலாம். அதனால் முதியவர்களுக்கு அதைத் தவிர்ப்பதே வழக்கமாகிவிட்டது. அடித்தளமாக நிற்பது நாம் காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால்தான். "வலித்தால் கொடு" என்று எழுதாமல் ஆறு மணிக்கு ஒருமுறை தவறாமல் கொடுப்பதில் இருக்கிறது அதன் சூட்சுமம். எடை குறைந்தவர்களுக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று கணக்கிடுவார்கள். நம் அவ்வாவுக்கு ஒரு வேளைக்கு 600 மில்லிகிராம் ஆகிறது. தனியாக அது போதாது.

பல வார்டுகளில் இன்னும் காணும் காட்சி ஒன்று உண்டு. காலில் பட்டை ஒட்டி, கட்டில் முனையில் கயிறு போட்டு, செங்கல்லோ மணல் மூட்டையோ தொங்கும். தசை இறுகாமல் இழுத்துப் பிடித்தால் வலி குறையும் என்ற எண்ணம். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் இடுப்பு முறிவில் இதைச் செய்தவர்களையும் செய்யாதவர்களையும் ஒப்பிட்ட சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது வலி குறைந்ததற்குத் தெளிவான ஆதாரம் கிடைக்கவில்லை. செங்கல் தொங்குவதால் வைத்தியம் ஆரம்பித்துவிட்டது என்ற நிம்மதி உறவினர்களுக்குக் கிடைக்கிறது. அது செய்யும் வேலை அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

வேலை செய்வது வேறொன்று. கிணற்றுத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குச் சட்டென்று புரியும். ஒவ்வொரு செடியின் தூரிலும் குடத்தால் ஊற்றுவதில்லை. மடையைத் திறந்துவிட்டால் தண்ணீர் தானே பாத்தி முழுக்கப் பரவிக்கொள்ளும். இடுப்பின் உள்பக்கம் ஒரு தசையின் மேல் காகிதம்போல் ஒரு சவ்வு படர்ந்திருக்கிறது. தொடை நரம்பும், தொடையின் வெளிப்புறத் தோலுக்குப் போகும் நரம்பும் அந்தச் சவ்வுக்கு அடியில்தான் ஓடுகின்றன. நரம்பைத் தேடிக் குத்த வேண்டியதில்லை. சவ்வுக்குக் கீழே மரத்துப்போகும் மருந்தைப் பாய்ச்சினால் அது பரவிப் போய் நரம்பை நனைத்துவிடும். பிரான்சில் பெர்னார்ட் டாலன்ஸும் சகாக்களும் 1989இல் குழந்தைகளுக்குச் செய்து எழுதிய முறை இது. இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து கவட்டை எலும்புவரை ஒரு கோடு, அதை மூன்றாகப் பிரித்து வெளிப்பக்க மூன்றில் ஒரு பங்கு முடியும் இடம், அதற்கு ஒரு சென்டிமீட்டர் கீழே. மழுங்கிய ஊசி இறங்கும்போது இரண்டு முறை "டப், டப்" என்று கைக்குத் தட்டுப்படும், இரண்டு சவ்வுகளைத் தாண்டியதற்கு அடையாளம். ஸ்கேன் கருவி இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் கைப்பழக்கம் போதும். பிரிட்டனில் பயிற்சி பெற்ற செவிலியர்களே இதைச் செய்கிறார்கள்.

கணக்கு மட்டும் கறாராக இருக்க வேண்டும். பியூபிவக்கெயின் மருந்தைக் கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்று வைத்தால் நாற்பது கிலோவுக்கு 80. கால் சதவீதக் கரைசலில் அது 32 மில்லி. தாண்டினால் ரத்தத்தில் ஏறி வலிப்பு வரலாம், இதயம் தடுமாறலாம். அதற்கு மாற்றுமருந்தான கொழுப்புக் கரைசல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். மருந்து நரம்பிழையில் சோடியம் நுழையும் வாசல்களை அடைக்கிறது. சோடியம் நுழையாவிட்டால் சேதி நகராது. இருபது முப்பது நிமிடத்தில் அவ்வாவின் நெற்றிச் சுருக்கம் விரிவதை நின்று பார்க்கலாம்.

டொராண்டோவில் பிலிப் பெங்கும் லாரா ஹிரோன்-அராங்கோவும் குழுவினரும் 2018இல் இன்னும் நுட்பமான ஒன்றைச் சொன்னார்கள். மூட்டுப்பையின் முன்பக்கத்துக்குப் போகும் சிறு கிளைகளை மட்டும் ஸ்கேன் பார்த்து மரக்கச் செய்வது. தொடைத் தசை பெரும்பாலும் வலுவிழப்பதில்லை. இன்று மயக்க மருந்து மருத்துவர்கள் கூடும் இடங்களில் இதைப் பற்றித்தான் பேச்சு. இந்த முறைகளுக்கான மருந்தும் ஊசியும் எந்த அறுவை அரங்கிலும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவை. அரங்குக்குக் கொண்டுபோகும்போது போடுகிறோம். வாசலில் இறக்கும்போதே போடும் பழக்கம்தான் இன்னும் ஊன்றவில்லை.

வலியை அடக்காவிட்டால் என்ன குடிமுழுகிவிடும் என்பவர்களுக்கு நியூயார்க்கிலிருந்து ஒரு பதில் உண்டு. ஷான் மாரிசனும் சகாக்களும் அங்கே நான்கு மருத்துவமனைகளில் 541 இடுப்பு முறிவு நோயாளிகளைக் கவனித்து 2003இல் எழுதினார்கள். சன்னி என்று நாம் சொல்வது, ராத்திரியில் ஆளைத் தெரியாமல் பிதற்றுவது, டியூபைப் பிடுங்குவது, யாரை அதிகம் பிடிக்கிறது என்று பார்த்தார்கள். மார்ஃபின் கொடுத்தால்தான் புத்தி தடுமாறும் என்று எல்லோரும் பயந்துகொண்டிருந்த காலம். மிகக் குறைவாகக் கொடுக்கப்பட்டவர்களுக்குத்தான் சன்னி அதிகம் வந்திருந்தது. முன்பு தெளிவாக இருந்தவர்களில், கடும் வலியோடு விடப்பட்டவர்களுக்கு அந்த ஆபத்து ஒன்பது மடங்கு. பெத்தடின் என்ற வலிமருந்து மட்டும் விலக்கு, அது சன்னியைக் கூட்டியது. வெறும் கவனிப்பு ஆய்வு என்பதால் இதையே முடிந்த முடிவாகக் கொள்ள முடியாது. ஆனாலும் "வயதானவர், மருந்து வேண்டாம், பொறுத்துக்கொள்ளட்டும்" என்ற பழைய ஜாக்கிரதை அதன் பிறகு ஜாக்கிரதையாகத் தெரியவில்லை.

மார்ஃபினுக்கும் நமக்கும் உள்ள கதை வேடிக்கையானது. மார்ஃபின் அபினிலிருந்து எடுப்பது. காஜிப்பூர் அபின் ஆலை கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தது. சட்டப்படி அபின் பால் எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் நாடு இந்தியா. 1985இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. ஒரு மருத்துவமனை மார்ஃபின் வாங்க நாலைந்து உரிமங்களுக்கு அலைய வேண்டியதாயிற்று. பயந்து பலரும் வைத்திருப்பதையே விட்டுவிட்டார்கள். 1997இல் நாடு முழுவதும் பயன்பட்டது 18 கிலோ. முன்பிருந்ததில் 97 சதவீதம் வீழ்ச்சி. திருவனந்தபுரத்து டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் தட்டியபின் 2014இல் சட்டம் தளர்ந்தது. ஆனால் ஒரு தலைமுறை டாக்டர்கள் மார்ஃபினைக் கையால் தொடாமலே படித்து வெளியே வந்துவிட்டார்கள். அந்தப் பயம் சட்டத் திருத்தத்தில் போகாது.

வலிக்கு நிரந்தர மருந்து அறுவைதான். கம்பி வைத்தாலும் பந்தை மாற்றினாலும், முறிந்த முனைகள் உரசுவது அதோடு நின்றது. "இந்த வயசுல ஆபரேஷன் தாங்குமா?" என்ற கேள்விக்கு, நடக்க வைப்பதற்காக மட்டும் செய்வதில்லை, வலியில்லாமல் புரட்டிப் படுக்க வைப்பதற்காகவும் செய்வதுண்டு என்று பதில் சொல்லலாம். இந்தியா உட்பட 17 நாடுகளில் 2970 பேரிடம் நடந்த ஹிப் அட்டாக் ஆய்வு 2020இல் வெளிவந்தது. ஒரு குழுவுக்குச் சராசரியாக ஆறு மணி நேரத்தில் அறுவை, மறு குழுவுக்கு 24 மணியில். இறப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் முதல் குழுவில் சன்னி குறைந்தது, சீக்கிரம் எழுந்து நின்றார்கள். மிகவும் தளர்ந்தவர்களுக்கு அறுவையே வேண்டாம் என்று குடும்பம் முடிவெடுப்பதும் உண்டு. அங்கே வலிநிவாரணமே முழுச் சிகிச்சை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் செவிலியர் இந்த வேலைக்கு ஏற்றவர்.

நம் அவ்வாவுக்கு மருத்துவமனைக்கு வந்த மறுநாள் காலை அறுவை. முதுகில் ஊசி போட உட்கார வைக்க வேண்டும். ஒடிந்த காலோடு உட்காருவதுதான் இருப்பதிலேயே கொடுமை. முன்னதாகவே நரம்பு மரத்திருந்ததால் முனகலோடு முடிந்தது. அடுத்த நாள் வாக்கரைப் பிடித்து எழுந்து நிற்கிறார். செவிலி நிற்க வைத்துத்தான் கேட்கிறாள்.

"இப்ப சொல்லுங்க பாட்டி, எப்படி இருக்கு?"

"உளையுது. ஆனா தெறிக்கல."

மறுபடி கட்டிலில் உட்கார்ந்ததும் மருமகளிடம் கையை நீட்டுகிறார். நான்கு நாளாக உதட்டை மட்டும் நனைத்த செம்பு. அண்ணாந்து, தொண்டை ஏறி இறங்க, முழுவதையும் குடித்துவிட்டு இன்னொரு செம்பு கேட்கிறார்.